குதிருக்குப் பின்னாடி ஒளிஞ்ச பாட்டியும், சித்தப்பாவின் ஃபார்வர்டும்

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் சித்தப்பா ஒரு ஃபார்வர்ட் போட்டார். நீங்களும் பார்த்திருப்பீங்க, எல்லாக் குடும்பத்திலும் சுத்தி வருது. அந்தக் காலத்தில் ஒன்பது வயசில் கல்யாணம், பத்துப் பிள்ளை, எழுபது வருஷ தாம்பத்தியம். இந்தக் காலத்தில் முப்பது வயசில் கல்யாணம், முப்பது நாளில் கோர்ட். கடைசியில் கும்பிடுற கை நாலு, தாமரைப்பூ ரெண்டு. அதுக்குக் கீழே சித்தப்பாவின் சொந்தச் சரக்கு ஒரு வரி: "எங்க அம்மாவே உதாரணம். ஒரு நாள் முகம் சுளிச்சதில்லை."

உடனே பதினேழு பேர் கை தட்டினார்கள். அதில் நாலு பேர் அமெரிக்காவில் பெண்ணை மேல்படிப்புக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள். ஒன்பது வயசு எல்லாம் அடுத்த வீட்டுப் பெண்ணுக்குத்தான் போல.

எனக்கு வந்த ஆத்திரத்தில் டீ ஆறிப்போனதுகூடத் தெரியலை. ஏன்னா அந்த அம்மா எனக்குப் பாட்டி. முகம் சுளிச்ச கதை எனக்குத் தெரியும்.

பாட்டிக்கு 1930-ல், மாசி மாசத்தில் கல்யாணம். வயசு ஒன்பது. தாத்தாவுக்கு இருபது. ஏன் அந்த மாசி மாசம்? அதுக்கு ஒரு காரணம் இருக்கு. ஹர்பிலாஸ் சாரதா கொண்டுவந்த சட்டம் 1929-ல் நிறைவேறியது. பெண்ணுக்கு 14, பையனுக்கு 18 ஆகாமல் கல்யாணம் செய்யக் கூடாது. அமலுக்கு வந்த தேதி 1930 ஏப்ரல் 1. இடையில் கிடைத்த சில மாதத்தில் நாடு முழுக்க அவசர அவசரமாகக் கல்யாணம் நடந்தது. தொட்டில் குழந்தைக்குக்கூடத் தாலி கட்டினார்கள். ஏப்ரலுக்கு அப்புறமும் மனசு கேட்காதவர்கள் பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஏனாமுக்குப் போனார்கள், அங்கே இந்தச் சட்டம் செல்லாதே! தெலுங்கு பேசுற ஜனம் அங்கே போய்ப் போய்க் கல்யாணம் பண்ணினதில் ஏனாமுக்குக் கல்யாணபுரம் என்றே பேர் வந்துவிட்டது. எல்லாருக்கும் பிடித்த சம்பிரதாயம், யாரும் எதிர்க்கவில்லை என்றால் இந்த ஓட்டம் எதுக்குங்க? சட்டம் வருதுன்னு தெரிஞ்சு, அதுக்கு முன்னாடி முடிச்சிடணும்னு ஓடின ஆளுக்கு அது தப்புன்னு யாரோ சொல்றாங்கன்னு தெரியாமலா இருந்திருக்கும்?

சரி, பாட்டி கதைக்கு வர்றேன். எங்கள் குடும்பத்தில் ஒரு ஜோக் உண்டு. கல்யாணத்தன்னிக்குக் காலையில் பெண்ணைக் காணோம். ஊரெல்லாம் தேடி, கடைசியில் நெல் குதிருக்குப் பின்னாடி பாவாடையைச் சுருட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தாளாம். கையில் கடித்த முறுக்கு. பாட்டியின் அப்பா காதைப் பிடித்து இழுத்துவந்து மணையில் உட்கார வைத்தாராம். எந்த விசேஷத்திலும் யாராவது ஒருத்தர் இதைச் சொல்லுவார்கள், எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். பாட்டியும் சிரிப்பாள். நானும் எத்தனையோ தடவை சிரிச்சிருக்கேன்.

நான் காலேஜ் படிக்கும்போது ஒரு ராத்திரி கரெண்ட் போயிடுச்சு. திண்ணையில் பாட்டியும் நானும் மட்டும். பேச்சுவாக்கில் இந்தக் குதிர் கதையை எடுத்தேன். பாட்டி சிரிக்கலை. "விளையாட்டுக்கு ஒளிஞ்சுக்கலைடா. அக்காவைப் பார்த்துண்டே இருந்தேனே" என்றாள்.

அந்த அக்காவை நானும் பார்த்திருக்கேன், ரொம்பச் சின்ன வயசில். எங்களுக்கு மொட்டைப் பாட்டி. பத்து வயசில் கல்யாணம், பன்னிரண்டில் அகத்துக்காரர் போயாச்சு. தலையை மழித்து, நார்மடி கட்டி, கொல்லைப்பக்கத்து அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். பாட்டியின் கல்யாணத்தன்னிக்கு அந்த அக்காவுக்குப் பதிமூணு வயசு. விசேஷ வீட்டில் எதிரில் வரக்கூடாதுன்னு அறைக்கதவைச் சாத்தி வெளியே நாதாங்கி போட்டிருந்தார்களாம். அந்த அறைக்குப் பக்கத்தில்தான் குதிர். பாட்டி ஒளிஞ்சது அங்கே. "கல்யாணம் பண்ணிண்டா இப்படி ஆயிடும்னுதானே எனக்குத் தெரியும். மாட்டேன்னுதான் சொன்னேன். யார் கேட்டா?"

ஆக, அது விளையாட்டு இல்லை. ஒன்பது வயசுக் குழந்தை தனக்குத் தெரிஞ்ச ஒரே வழியில் மாட்டேன்னு சொல்லியிருக்கு. அதை நாம தொண்ணூறு வருஷமா ஜோக்காச் சொல்லிக்கிட்டு இருக்கோம்.

அந்தக் காலத்தில் யாரும் எதிர்க்கலைன்னு சொல்றவங்களுக்கு எங்க பாட்டி போதாதுன்னா ஒரு பெரிய சாட்சியைக் கூப்பிடறேன். ருக்மாபாய். பம்பாய்க்காரி. 1864-ல் பிறந்தவர். அவருடைய அம்மா ஜெயந்திபாய்க்குப் பதினாலில் கல்யாணம், பதினைந்தில் குழந்தை, பதினேழில் விதவை. அவர்கள் தச்சர் சாதி, மறுமணம் உண்டு. சகாராம் அர்ஜுன் என்ற டாக்டரை ஜெயந்திபாய் மறுமணம் செய்துகொண்டார். இவ்வளவு பட்ட குடும்பத்திலும் ருக்மாபாய்க்குப் பதினொரு வயசில் கல்யாணம் ஆகிவிட்டது! மாப்பிள்ளை தாதாஜி பிகாஜி, பத்தொன்பது வயசு. வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்து படித்து ஆளாகணும் என்பது பேச்சு. அவர் படிக்கவில்லை, இருக்கவும் இல்லை, மாமா வீட்டோடு போய்விட்டார். ருக்மாபாய் அம்மா வீட்டிலேயே இருந்து கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்தார்.

1884-ல் தாதாஜி பெண்டாட்டியை அனுப்புங்கள் என்று வக்கீல் நோட்டீஸ் விட்டார். ருக்மாபாய் போக மாட்டேன் என்றார். எனக்கு விவரம் தெரியாத வயசில் நடந்த கல்யாணம், என் சம்மதம் இல்லாதது, அதை வைத்து என்னைக் கட்டாயப்படுத்த முடியாது. இதுதான் அவர் வாதம். நினைச்சுப் பாருங்க, 1884. காந்திக்கு அப்போ பதினைந்து வயசு. பாரதியார் ரெண்டு வயசுக் குழந்தை. சும்மா வீட்டில் அழுதுகொண்டு சொன்னதில்லை, பம்பாய் ஹைகோர்ட்டில் சொன்னார். டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் 'ஒரு இந்துப் பெண்' என்ற பேரில் குழந்தைக் கல்யாணத்தைக் கிழித்து எழுதினார்.

1885-ல் நீதிபதி பின்ஹே ருக்மாபாய் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அவ்வளவுதான், ஊரே பற்றிக்கொண்டது. மதத்துக்கு ஆபத்து, இங்கிலீஷ் படித்த பெண் இப்படித்தான் கெட்டுப்போவாள் என்று பத்திரிகைகள் அலறின. நாம் படம் மாட்டி வைத்திருக்கிற திலகர் இருக்காரே, அவரும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார். அப்பீலில் தீர்ப்பு புரண்டது. 1887 மார்ச்சில் நீதிபதி ஃபாரன் உத்தரவு போட்டார்: ஒரு மாதத்துக்குள் புருஷன் வீட்டுக்குப் போ, இல்லாவிட்டால் ஆறு மாதம் ஜெயில்.

ருக்மாபாய் ஜெயிலுக்குப் போகிறேன் என்றார்.

இதில் ஒரு கூத்து இருக்கு, கேளுங்க. மதத்தைக் காப்பாத்தறோம்னு குதிச்சாங்களே, 'சேர்ந்து வாழ உத்தரவிடு' என்ற அந்த வழக்கு முறையே இந்து தர்மசாஸ்திரத்தில் கிடையாது. இங்கிலாந்து சர்ச் கோர்ட்டில் இருந்து வெள்ளைக்காரன் இறக்குமதி செய்த சரக்கு. அதிலும் போக மறுத்தால் ஜெயில் என்பதை 1884-லேயே இங்கிலாந்தில் எடுத்துவிட்டார்கள். அங்கே செத்துப்போன சட்டத்தை வைத்து இங்கே ஒரு பெண்ணை மிரட்டி, அதுக்குச் சனாதனம்னு பேர் வெச்சாங்க. (அந்தச் சரக்கு இன்னும் நம்மிடம் பத்திரமாக இருக்கு, இந்து திருமணச் சட்டம் பிரிவு 9. இங்கிலாந்துக்காரன் 1970-ல் மொத்தமாகத் தூக்கிப்போட்டாச்சு. 1983-ல் ஆந்திர ஹைகோர்ட் இது செல்லாதுன்னு சொன்னது, அடுத்த வருஷமே சுப்ரீம் கோர்ட் இன்னொரு வழக்கில் செல்லும்னு சொல்லிவிட்டது. இதைப் பற்றித் தனியாப் புலம்பணும்.)

கடைசியில் 1888-ல் சமரசம். தாதாஜிக்கு ரூபாய் 2000 கைமாறியது, உரிமையை விட்டுக்கொடுத்தார், வேறு கல்யாணம் செய்துகொண்டார். ருக்மாபாய் லண்டன் போய் டாக்டருக்குப் படித்து, திரும்பி வந்து சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பெண்கள் ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்காக வேலை பார்த்தார். இறந்தது 1955-ல். எங்கப்பா பதிமூணு வயசுப் பையனாக இருந்த வருஷம் அது. அவ்வளவு பழைய கதை ஒண்ணும் இல்லை, சித்தப்பா.

அந்த 2000 ரூபாயைக் கவனிச்சீங்களா? பதினொரு வயசில் சம்மதம் கேட்காமல் கட்டி வைத்தது இவர்கள். விடுதலைக்கு விலை கொடுத்தது அவர் பக்கம். 2008-ல் ஏமன் நாட்டில் நுஜூத் அலி என்ற பத்து வயசுப் பெண், தன்னைப்போல் மூணு மடங்கு வயசானவனிடமிருந்து தப்பி, தனியாக டாக்ஸி பிடித்து சனா நகரக் கோர்ட்டுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். யார் வேணும்மா என்று கேட்டதும், விவாகரத்து வேணும் என்றாள். ஷதா நாசர் என்ற பெண் வக்கீல் காசு வாங்காமல் வாதாடினார், ஏப்ரலில் விவாகரத்து கிடைத்தது. உலகமே கொண்டாடியது. ஆனால் அந்தப் புருஷனுக்கு இருநூறு டாலருக்கு மேல் நஷ்டஈடு அவள் பக்கம் கட்டவேண்டி இருந்தது. அவனுக்கு நஷ்டமாம்! நூத்தி இருபது வருஷம், ரெண்டு தேசம், ரெண்டு மதம். கணக்கு மட்டும் மாறவே இல்லை. ஏமனில் பெண்ணுக்குக் குறைந்தபட்ச வயசு 17 என்று 2009-ல் பார்லிமென்ட் வரைக்கும் வந்த சட்டத்தை மதத்தின் பேரைச் சொல்லித்தான் முடக்கினார்கள். அங்கேயும் ஃபார்வர்ட் அனுப்புற சித்தப்பாக்கள் இருக்கிறார்கள்.

"அதெல்லாம் அந்தக் காலம், இப்ப எங்க நடக்குது?" என்று குரூப்பில் ஒரு அண்ணா கேட்டார். நடக்குது அண்ணா. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், இருபதிலிருந்து இருபத்துநாலு வயசுக்குள்ள பெண்களில் நூற்றுக்கு 23 பேர் பதினெட்டுக்குள் கல்யாணம் ஆனவர்கள். மேற்கு வங்கத்திலும் பீகாரிலும் நாற்பதுக்கு மேலே. நம்ம தமிழ்நாட்டில் 12.8. பெரியார் மண், முத்துலட்சுமி ரெட்டி மண் என்று மார் தட்டுற மண்ணில் எட்டுப் பெண்ணுக்கு ஒருத்தி.

இந்த எட்டில் ஒருத்தியை எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் மற்றவனைத் திட்டினால் நான் யோக்கியன் இல்லை.

1999-ல் தர்மபுரிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் வேலை பார்த்தேன். மாடி போர்ஷன் எங்களுக்கு, கீழே வீட்டுக்காரர். அவர் பெண் பத்தாவது முடிச்சிருந்தாள், கணக்கில் தொண்ணூத்திரண்டு மார்க். என் மனைவியிடம் பாடம் கேட்க வருவாள், எங்களை அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அந்த மே மாசம் தாய்மாமனுக்கு நிச்சயம் பண்ணிவிட்டார்கள். மாமனுக்கு இருபத்தெட்டு வயசு. ஒரு சாயங்காலம் மாடிப்படியில் நின்றுகொண்டு கேட்டாள். "அண்ணா, எங்கப்பா நீங்க சொன்னா கேப்பாரு. பன்னெண்டாவது மட்டும் முடிச்சிடறேன்னு சொல்லுங்கண்ணா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்பா அம்மா உன் நல்லதுக்குத்தானேம்மா செய்வாங்க."

வெளியூர்க்காரன், வாடகைக்கு இருக்கிறவன், நமக்கெதுக்கு வம்பு. அதான் உண்மை. அந்தப் பெண் மறுபேச்சுப் பேசாமல் இறங்கிப் போனாள். கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். எவர்சில்வர் குடம் ஒன்றும் நூத்தியொரு ரூபாய் மொய்யும் வைத்தேன். அந்த மொய் நோட்டில் என் பேர் இன்னும் இருக்கும், சட்ட விரோதக் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்து மாதிரி.

ஏன் இவ்வளவு அவசரம் என்று அவள் அப்பாவைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். எல்லாரும் சொல்றதுதான். "மடியில நெருப்பைக் கட்டிக்கிட்டு எத்தனை நாள் சார் இருக்கறது?" ஏய்யா, அது நெருப்பா, உம் பொண்ணா? வறுமை ஒரு காரணம், ஒத்துக்கறேன். வரதட்சணை ஏறும் என்ற பயம், வயசுப் பெண்ணைத் தனியாக விட்டுக் கூலிக்குப் போகிற பயம், எல்லாம் நிஜம். ஆனால் அடியில் கிடக்கிற பயம் வேற. இன்னும் ரெண்டு வருஷம் விட்டால் அவளே எவனையாவது பிடிச்சிருக்குன்னு சொல்லிடுவாள், அவன் வேற சாதியா இருந்துடுவான். அவளுக்கு வாய் முளைக்கிறதுக்குள்ள முடிச்சிடணும். வேடிக்கை என்னன்னா, பெண் தானாக ஒருத்தனோடு போய்விட்டால் அதே அப்பா அப்போதான் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடி, "சார் எம் பொண்ணுக்குப் பதினெட்டு ஆகலை" என்று சட்டம் பேசுவார்.

சட்டம் என்றதும் ஒன்று சொல்லணும். 2006-ல் வந்த குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பழசைவிட எவ்வளவோ மேல். கட்டிக்கிற பெரிய ஆளுக்கு, நடத்தி வைக்கிறவனுக்கு, ரெண்டு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம். மாஜிஸ்திரேட் தடை உத்தரவு போடலாம். 1098-க்கு ஒரு போன் போதும், மாவட்டச் சமூகநல அலுவலர் மண்டபத்துக்கே வருவார். எல்லாம் சரி. ஆனால் தாலி ஏறிட்டா? அந்தக் கல்யாணம் செல்லாதா? செல்லும்! கடத்தி, மிரட்டி, தடை உத்தரவை மீறி நடந்தால்தான் தானாகச் செல்லாது. மற்றபடி அந்தப் பெண்ணே கோர்ட்டுக்குப் போய் எனக்கு இது வேண்டாம் என்று சொன்னால்தான் ரத்தாகும். அதுவும் மேஜராகி ரெண்டு வருஷத்துக்குள், அதாவது இருபது முடியறதுக்குள். பதினெட்டுக்குள் என்றால் யாராவது பெரியவர் அவளுக்காக மனு போடணும். யாரு? கட்டி வைத்த அப்பாவா?

இருபது வயசில், இடுப்பில் ஒண்ணு, கையில் ஒண்ணு, பஸ்ஸுக்குக் காசு மாமியாரிடம் வாங்கணும். இந்த நிலைமையில் அவள் வக்கீல் வைத்து வழக்குப் போடணுமாம். கர்நாடகம் சட்டத்தைத் திருத்தி, குழந்தைக் கல்யாணம் ஆரம்பத்திலேயே செல்லாது என்று ஆக்கிவிட்டது. நம்ம ஊரில் ஏன் ஆகலை என்று எந்த மேடையிலாவது யாராவது கேட்டு நீங்க பார்த்திருக்கீங்களா?

மேடையில் வேற நடக்கும். சால்வை போர்த்துவோம். "தன் திருமணத்தைத் தானே நிறுத்திய வீர மாணவி." போட்டோ, கேடயம், அன்றைக்கு ஒரு நாள் டீவி. 2009-ல் மேற்கு வங்கத்தில் புருலியா மாவட்டத்தில் பீடி சுத்துற குடும்பத்துச் சிறுமிகள் சிலர் மாட்டேன்னு நின்னபோது நாடே பேசியது. 2012-ல் ஜோத்பூரில், ஒரு வயசில் கட்டி வைக்கப்பட்ட பெண் பதினெட்டு வயசில் போராடி அந்தக் கல்யாணத்தை ரத்துப் பண்ணினாள். அந்தப் பெண்களை நான் குறைச்சே சொல்ல மாட்டேன், கையெடுத்துக் கும்பிடறேன். ஆனால் சால்வையோடு நிற்கிற பெரிய மனுஷங்களைப் பார்த்தால்தான் எரியுது. பத்து வயசுக் குழந்தைக்கு எதுக்குய்யா வீரம்? பக்கத்து வீட்டுக்காரன், வாத்தியார், ஐயர், மண்டபக்காரர், பத்திரிகை அச்சடிச்ச பிரஸ்காரர், சமையல்காரர், மாடி போர்ஷன்காரன்... இத்தனை பேரில் ஒருத்தன் வாயைத் திறந்திருந்தால் அவள் வீராங்கனை ஆகாமலே, சும்மா பதினொண்ணாவது படிச்சிட்டு இருந்திருப்பாளே.

தர்மபுரிப் பெண்ணை அப்புறம் ஒரே ஒரு தடவை பார்த்தேன். 2004-ல், சேலம் பஸ் ஸ்டாண்டில். ரெண்டு குழந்தைகள். அவளேதான் அடையாளம் கண்டு ஓடி வந்தாள். "அண்ணா நல்லா இருக்கீங்களா? அக்கா எப்படி இருக்காங்க?" முகத்தில் கோபமே இல்லை. பெரியவனுக்கு வாய்ப்பாடு சொல்லித் தர்றேன்னு சொன்னாள். அவனை எனக்கு முன்னாடி நிறுத்தி பதினாறாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னாள். நாலு வயசுப் பையன் அரை வாய்ப்பாட்டோடு நின்னுட்டான், மிச்சத்தை அவளே சொல்லி முடிச்சாள். திருவண்ணாமலை பஸ் வந்துடுச்சு, போய்ட்டாள்.

இவ்வளவும் குரூப்பில் எழுதலை. பாட்டியின் கல்யாண வருஷம், குதிருக்குப் பக்கத்து அறை, நாதாங்கி, அந்த ராத்திரி பாட்டி சொன்னது, இது நாலையும் மட்டும் எழுதினேன். அஞ்சு நிமிஷத்தில் சித்தப்பா குரூப்பை விட்டு வெளியே போய்விட்டார். கை தட்டின பதினேழு பேரும் கப்சிப்.

ராத்திரி ஒன்பது மணிக்கு அத்தை போன் பண்ணினாள். பாட்டியின் மூத்த பெண், எண்பதை நெருங்கியாச்சு. திட்டத்தான் போறாள்னு நினைச்சு எடுத்தேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் கேட்டாள்.

"பெரியம்மாவைப் பார்த்துட்டுத்தான் ஒளிஞ்சுண்டாளாடா? எங்ககிட்ட விளையாட்டுன்னுதானே சொன்னா?"